அண்ணன் கலர்

எங்கள் கடைக்கு யார் போட்டோ கொண்டுவந்தாலும் இப்போது நான் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். "உங்க நிறத்துலயே போடவா, இல்ல ஏத்தவா?" பாதிப் பேர் முழிப்பார்கள். இதையெல்லாமா கேட்பார்கள் என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் "நல்லா ஏத்துங்க மேடம்" என்பார்கள். ஏத்திக் கொடுப்பேன், அது அவர்கள் இஷ்டம். ஆனால் கேட்காமல் ஒருத்தர் முகத்தில் கை வைப்பதில்லை. இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அதற்குள் ஒரு பெண்ணின் முகத்தை இரண்டு தடவை அழித்துவிட்டேன். முதல் தடவை தெரியாமல். இரண்டாவது தடவை நன்றாகத் தெரிந்தே.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. அதில் நான் டிசைனர். காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், கும்பாபிஷேகம் என்று, கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் ரோட்டோரம் நின்று சிரிக்கிற முகங்களில் பாதி நான் வெட்டி ஒட்டியவை. பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் உட்கார எனக்குப் பிடிக்காது. வழி நெடுக என் வேலையே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

எங்கள் தொழிலில் 'ஏத்துறது' என்றால் முகத்தைப் படிப்படியாக வெளுப்பாக்குவது. முதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "ரெண்டு ஏத்துத்தா" என்பார், "இது நாலு கேக்கும் போலிருக்கே" என்பார். அப்போதெல்லாம் வந்தவரிடம் கேட்கிற வழக்கமே கிடையாது. சோறு வெந்தால் வடிக்கிற மாதிரி, போட்டோ வந்தால் ஏத்த வேண்டும். நம் பேச்சே அப்படித்தானே இருக்கிறது. 'பொண்ணு கலரா இருக்கா' என்றால் வெள்ளையாக இருக்கிறாள் என்று அர்த்தம். அப்படியானால் நானெல்லாம் யார், கலரே இல்லாதவளா? நான் நல்ல கருப்பு. சின்ன வயதிலிருந்து எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். ஆனால் பாருங்கள், என் கல்யாண ஃப்ளெக்ஸை நானேதான் டிசைன் செய்தேன். எனக்கு நானே நாலு ஏத்திக்கொண்டேன்.

அந்த நாளில் எங்கள் கடையில் ஏத்தாமல் விட்ட முகம் ஒன்றே ஒன்று. அது அண்ணன் முகம்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் பக்கத்து அரசியல்காரர். அவர் பெயரும் கட்சிப் பெயரும் இங்கே வேண்டாம். தலைமுறை தலைமுறையாகத் தோப்பும் வயலும் உள்ள குடும்பம். நாங்களும் அதே சனம்தான் என்பதால் அவர் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் குரலே மாறிவிடும். நல்ல உயரம், என்னைவிடக் கருப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் ஆர்டர் வந்தது. பழக்கதோஷம், மூன்று ஏத்தி வைத்தேன். பார்த்துவிட்டுப் போக அவருடைய ஆள் வந்தார். தோளில் துண்டும் கையில் இரண்டு செல்போனுமாக அண்ணனுக்காகவே அலைகிறவர். ஸ்க்ரீனைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? எங்க அண்ணன் கருப்பு. அந்தக் கருப்புத்தேன் அவருக்குக் கெத்து. வெள்ளையாக்குனா அது எங்க அண்ணனே இல்ல!"

சொன்னது நியாயம். ஆனால் சொல்வது சுலபம். எங்கள் மெஷினில் கருப்பு முகத்தை அப்படியே அடித்தால் சாம்பல் பூத்து, பச்சை படர்ந்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர் மாதிரி வரும். வெள்ளை முகத்துக்கென்றே செட்டிங் செய்து வைத்த மெஷின் அது. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். நீலத்தைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, துண்டு துண்டாக அடித்துப் பார்த்து, சாயங்காலம் ஒரு நிறத்தைப் பிடித்தேன். புளி போட்டு விளக்கிய செம்புத் தவலை மாதிரி இருந்தது. கன்னத்தில் வெளிச்சம், கண்ணில் கூர்மை. அடியில் 'கருஞ்சிங்கமே' என்று எழுதிக் காட்டியதும் அந்த ஆள் அசந்துவிட்டார். முதலாளி அந்த செட்டிங்கை அப்படியே கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கச் சொன்னார். என்ன பெயர் வைக்க என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'அண்ணன் கலர்' என்று அடித்தேன்.

அதற்கப்புறம் எத்தனை கருப்பு முகங்கள் அந்த மேஜைக்கு வந்தன! ஒருத்தருக்காவது அதைப் போட்டுப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. போடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெண்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஆண் வேட்பாளர் கையை வீசி நடக்கலாம், விரலை நீட்டலாம், மீசையை முறுக்கலாம், யாரோடோ தலைபோகிற விஷயம் பேசுகிற மாதிரி செல்போனைக் காதில் வைக்கலாம். பெண் என்றால் சிரிக்க வேண்டும், கும்பிட வேண்டும். போட்டோவில் கும்பிடவில்லையா, கவலையை விடுங்கள். எங்களிடம் 'கும்பிடு கை' என்று ஒரு ஃபைல் இருந்தது. ஏதோ ஜவுளிக்கடைக் காலண்டரில் இருந்து வெட்டியெடுத்த கை. எலுமிச்சம்பழ நிறம், மணிக்கட்டு நிறைய வளையல், நகத்தில் பாலிஷ். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் எந்த ஊர், எந்தச் சின்னம் என்ற பேதமில்லாமல், எங்கள் கடைக்கு வந்த அத்தனை பெண்களும் அந்த ஒரே ஜோடிக் கையால்தான் ஓட்டுக் கேட்டார்கள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தது கூடக் கிடையாது.

அப்படியொரு தேர்தல் நேரத்தில், உச்சி வெயிலில், அந்த அக்கா வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஊராட்சியில் காலனித் தெரு. இங்கே வேலை இருந்தால் திராட்சைத் தோட்டம், இல்லாவிட்டால் விடிகாலை ஜீப்பேறி கம்பம்மெட்டு வழியாக மலையாளத்து ஏலக்காடு. அந்த ஊராட்சியில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்திருந்தது. பெண்களுக்கு என்றாலும் பொதுப் பதவி, எந்தத் தெருப் பெண்ணும் நிற்கலாம். எதிரில் நின்றது அண்ணனுடைய சித்தப்பா வீட்டு மருமகள். காலனிப் பெண் எதற்குப் பொதுப் பதவிக்கு வரிந்து கட்டிக்கொண்டு வருகிறாள் என்று டீக்கடையில் எல்லாம் பேச்சு. எங்கள் கடையிலும் பேசினோம்.

ஆண்கள் யாராவது வேட்புமனு போட்டுவிட்டு வந்தால் முதலாளி "வாங்கண்ணே, ஒக்காருங்க, டீ சொல்லவா?" என்பார். அக்காவைப் பார்த்து "என்னம்மா வேணும்?" என்றார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அவர் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. அவள் நின்றுகொண்டே, தேர்தல் போஸ்டருக்கென்று மகளின் செல்போனில் எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பினாள். நீலச் சேலை, சிவப்புக் கரை. சிரிக்காமல், கையைத் தொங்கவிட்டு, நேராக நம் கண்ணைப் பார்க்கிற போட்டோ. சின்னம் பூட்டு சாவி. கடைத்தெருவில் வேலை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டாள்.

நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். நாலு ஏத்தினேன். உதட்டோரத்தை இழுத்துக் கொஞ்சம் சிரிக்க வைத்தேன். தொங்கிய கையை அழித்துவிட்டு 'கும்பிடு கை'யை ஒட்டினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

அக்கா திரும்பி வந்து ஸ்க்ரீனுக்கு எதிரே நின்றாள். நன்றாக உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் மரியாதையாகக் கேட்டாள். "இந்தம்மா எந்த ஊருக்கு நிக்கிறாக? நல்லா லட்சணமா இருக்காக. என்னோடத எப்பம்மா போடுவ?"

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. நிஜமாகவே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, இது நீங்கதேன்," என்றேன்.

இன்னும் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "சேலை எஞ் சேலைதேன்," என்றாள்.

முதலாளிக்குச் சிரிப்பு. "ஒன்னயப் பாத்து ஒனக்கே சந்தோசமா இல்லையாம்மா? எம்புட்டுக் கலர் ஏத்தியிருக்கு!"

"எங் கலரப் போட்டாப் போதும்ணே."

"அதேம்மா கலரு!"

"இது கலரா? வெளுப்புண்ணே இது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். பிறகு முதலாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இங்க பாரு தங்கச்சி. எங்க ஊராட்சியில சுத்துப்பட்டு ஊரெல்லாஞ் சேந்து வருது. பாதிப் பேரு எழுத்துக்கூட்டிப் படிக்க மாட்டாக. விடியமுன்ன ஜீப்பேறிப் போயி, பொழுதுசாய வந்து எறங்குற சனம். அவுக எம் பேரப் படிக்க மாட்டாக, மூஞ்சியத்தேன் பாப்பாக. அட, நம்ம கூட ஜீப்புல நெருக்கியடிச்சு ஒக்காந்து வந்தவளாச்சேன்னு தெரியணும். அப்பத்தேன் பூட்டு சாவியில குத்துவாக. இந்தப் பொம்பளைக்கு யாரு போடுவாக ஓட்டு? எனக்கே தெரியலயே யாருன்னு."

அப்புறம் அந்தக் கையைக் காட்டினாள். "இது யாரு கை?" தன் கையை விரித்து ஸ்க்ரீன் பக்கத்தில் வைத்தாள். திராட்சைக் கொத்து வெட்டுகிற கத்தரி பட்டுப் பட்டுக் கட்டைவிரல் காய்த்துப்போன கை. நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை. "வெள்ளையாக்குனா அது நானே இல்ல தங்கச்சி," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே மேஜைக்கு முன்னால், இதே வார்த்தை. அன்றைக்கு அண்ணனுடைய ஆள் கத்திச் சொன்னார், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிறம் பிடித்தோம். இவள் மெதுவாகச் சொல்கிறாள், முதலாளி கொட்டாவி விடுகிறார்.

"சரி, அப்படியே போட்டுக் குடுத்துரு," என்றார் அவர். "இருட்டா வந்தா எங்களக் கொற சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஏத்தியதை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு சின்னத் துண்டு அடித்தேன். எதிர்பார்த்த மாதிரியே சாம்பலும் பச்சையுமாக வந்தது. அக்கா கையில் வாங்கிப் பார்த்தாள். "ஆத்தாடி, பொணமாட்டம்ல இருக்கேன்."

"மெஷின் அப்படித்தேன்க்கா. கருப்பு மூஞ்சின்னா இதுக்கு ஆகாது."

அவள் துண்டை மேஜையில் வைத்தாள். என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தாள். கடையின் சாம்பிளாக அங்கே அண்ணனுடைய ஃப்ளெக்ஸ் ஒன்று ஆளுயரத்துக்குத் தொங்கும். "அவரும் எங் கருப்புத்தான?" என்று கேட்டாள். "அவருக்கு மட்டும் எப்பிடி ஆச்சு?"

அவருக்கு மட்டும் ஒரு நிறம் கண்டுபிடித்துப் பூட்டி வைத்திருந்தோம். திரும்பி உட்கார்ந்து 'அண்ணன் கலர்' என்ற ஃபைலைத் திறந்து அவள் முகத்தின் மேல் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளை அவளாகவே கொண்டுவந்து நிறுத்தியது அது. கன்னத்து எலும்பில் வெளிச்சம் விழுந்தது. கண் நம்மைப் பிடித்து நிறுத்தியது. தொங்கிய கையைத் திரும்பக் கொண்டுவந்தேன், சிரிப்பை எடுத்துவிட்டேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ தங்கச்சி," என்றாள். "நாந்தேன்!"

அப்போதுதான் எனக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. "உக்காருங்கக்கா," என்றேன்.

போஸ்டர் ஒட்டி இரண்டு நாள் ஆகவில்லை, அண்ணனுடைய ஆள் புயல் மாதிரி வந்துவிட்டார். "ஏம்மா, எங்க அண்ணன் கலர எதுக்கு அந்தப் பொம்பளைக்குப் போட்ட?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "கலருக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கீகளா என்ன?" என்றேன். முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"போஸ்டரப் பாத்தியா நீ? கும்பிடல, சிரிக்கல, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிது. என்னா திமிரு!"

அவர் தலைக்கு நேர் பின்னால் சுவரில் அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தார். கும்பிடவில்லை, சிரிக்கவில்லை, நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணனும் அப்படித்தான நிக்கிறாக?"

"அது கம்பீரம்மா," என்றார் அவர், சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

தெரியாமல் என்ன? அந்த வித்தியாசத்தை மாதாமாதம் மீட்டர் கணக்கில் அடித்துக் கொடுக்கிறவளே நான்தானே.

அக்கா ஜெயித்துவிட்டாள். எப்படி ஜெயித்தாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிரில் ஓட்டுப் பிரிந்துவிட்டது என்றார்கள், ஏலக்காட்டு ஜீப்புகளில் பேசி முடித்துவிட்டார்கள் என்றார்கள். என் போஸ்டரால்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. சத்தியமாகத் தெரியாது.

ஜெயித்த பிறகாவது விட்டார்களா? அந்த ஊருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி பல வருஷமாகப் பாதியில் நின்றது. அதற்காக அக்கா ஆபீஸ் ஆபீஸாக நடந்து, ஒருநாள் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டாள். எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அதை வீடியோ எடுத்துப் போட்டு 'தலைவி தகராறு' என்று எழுதினார்கள். அதே மாதம் அண்ணனும் வேறொரு விஷயத்துக்காக வேறொரு ஆபீஸில் சத்தம் போட்டார். அதே குரூப்பில், 'அண்ணன் வெளுத்து வாங்கினார்.' நான் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு வார்த்தை பதில் போட்டிருக்கலாம். அந்த குரூப்பில் என் மாமனார் இருக்கிறார், சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். போடவில்லை.

தொட்டி கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு அண்ணன் தலைமை. ஃப்ளெக்ஸ் ஆர்டர் எங்கள் கடைக்கு வந்தது. அண்ணன் நடுவில் ஆளுயரம், மூலையில் அக்கா. போட்டோவுக்குப் பழையதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே நீலச் சேலை. அண்ணனுடைய ஆள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை கத்தவில்லை, நயமாகத்தான் சொன்னார்.

"தலைவரம்மாவுக்கு நல்லா ஏத்திரும்மா. கையும் கும்பிட்ட மாதிரி வச்சிரு. ஒரே ஃப்ளெக்ஸ்ல அண்ணனும் அதும் ஒரே கலரா நின்னா எப்பிடி? பாக்குற சனம் என்ன நெனைக்கும்?"

"என்ன நெனைக்கும்?" என்று கேட்டேன்.

"சொன்னதச் செய்யித்தா," என்று நடுவில் வந்தார் முதலாளி. என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "இவுக ஆர்டர்லதேன் கடையே நிக்கிது. ஒன் ரோசத்துக்கு எங் கடைய மூடவா? ஒரு மூஞ்சி, கொஞ்சூண்டு வெளுப்பு. அந்தம்மாவே கண்டுக்க மாட்டாக."

அவர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது மூன்று மாதம் வேலையைப் பிடித்து வைத்திருந்தவர். அவருக்குப் பயம். எனக்கும் பயம். பத்து நிமிஷம் வாதாடினேன், பிறகு போய் உட்கார்ந்து நாலு ஏத்தினேன். 'கும்பிடு கை'யை எடுத்து ஒட்டினேன். சாக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஃப்ளெக்ஸை அவர்கள் வாங்கிக்கொண்டு போன மறுநாள் அக்கா போன் செய்தாள். "தங்கச்சி, தண்ணித் தொட்டி தெறக்கிறோம். நீ கட்டாயம் வரணும். அன்னைக்கு எம் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடுத்தவ நீ." வருகிறேன் என்றேன்.

விழாவன்று காலையில் போனேன். பந்தல் வாசலிலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே அதே நீலச் சேலையில் அக்கா ஓடியாடிக்கொண்டிருந்தாள். மேடைக்கு நாற்காலி போடுகிறாள், குத்துவிளக்கு மேஜையைத் துடைக்கிறாள், பிள்ளைகளை வெயிலில் இருந்து உள்ளே இழுத்து உட்கார வைக்கிறாள். தலைவர் ஆனால் என்ன, அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். அண்ணனுடைய ஆளும் அங்கேதான் நின்று, அண்ணன் எங்கே வருகிறார் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். ஊருக்குப் புதுசு, வெளியூர்க்காரர். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். வாசலில் நின்று ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். பிறகு கூட்டத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். யாரையோ தேடுகிறார் என்று தெரிந்தது. தேடிக் கிடைக்கவில்லை. கடைசியில், நாற்காலி தூக்கிக்கொண்டு எதிரே வந்த அக்காவிடமே கேட்டார்.

"தலைவர் அம்மா இன்னும் வரலையாம்மா? அந்த நாற்காலியை இப்படிப் போடு. அவங்க வந்ததும் சொல்லு."

அவர்மேல் நான் தப்புச் சொல்ல மாட்டேன். நான் அடித்துக் கொடுத்த முகத்தைத்தான் அவர் தேடினார். அந்த முகம் பந்தலில் யாருக்கும் இல்லை. உலகத்திலேயே யாருக்கும் இல்லை.

அக்கா நாற்காலியைக் கீழே வைத்தாள். திரும்பி ஃப்ளெக்ஸை ஒருதரம் பார்த்தாள். காலையில் இருந்து அதற்கடியில் ஓடிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் நின்று நிதானமாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அந்தம்மா வரல சார். அவுக வரவும் மாட்டாக. இந்த ஊருக்குத் தலைவர் நாந்தேன்."

அண்ணனுடைய ஆள் செல்போனில் ஏதோ படிக்கிற மாதிரி குனிந்துகொண்டார். பின்னால் இருந்து ஏலக்காட்டுப் பெண் ஒருத்தி, "அதுதேன் சார் எங்க தலைவரு!" என்று உரக்கக் கத்த, ஜீப்புச் சனம் மொத்தமும் கைதட்டியது. அதிகாரி பதறிப்போனார். "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க," என்று கும்பிட்டு, அதே நாற்காலியை எடுத்து அவளுக்கு முன்னால் போட்டார்.

"சாரமில்ல சார்," என்றாள் அக்கா. மலையாளத்துத் தோட்டத்தில் பழகிய வார்த்தை, பரவாயில்லை என்று அர்த்தம். "ஒக்காருங்க. மோர் குடிங்க."

நான் அப்படியே நழுவி பஸ் ஏறிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு டம்ளர் மோரோடு நேராக வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"எப்ப வந்த? பின்னால ஏன் நிக்கிற?"

"அக்கா," என்றேன். "அது... அந்த ஃப்ளெக்ஸு... நாந்தேன்க்கா."

"தெரியும். அதே கை, அதே வளையல்," என்றாள். "காலையில கட்டும்போதே ஒரு பார்வ பாத்தேன். நம்ம தங்கச்சி வேலையில்லன்னு மனசு சொல்லுச்சு. இப்பத்தேன் கையப் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. டம்ளரை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, முகவாயைப் பிடித்து என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். போட்டோவில் பார்க்கிற அதே நேர்ப்பார்வை.

"ஏன் தங்கச்சி, மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போயி நிக்கிற?" என்றாள். "ஒனக்கு யாரு ஏத்துனது?"

"யாருமில்லக்கா," என்றேன். "நானேதேன் ஏத்திக்கிட்டேன்."